நிலா பார்க்கப் பௌர்ணமி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் போன மாதம் நிலா பார்க்கும் விழா வைத்தார்கள், பௌர்ணமியன்று. பேத்திக்கு வாங்கிய நாலரை அங்குலத் தொலைநோக்கியை நானும் தூக்கிக்கொண்டு போனேன். வரிசையில் நின்று வந்த பிள்ளைகள் ஒரு கணம் பார்த்துவிட்டு, "கண்ணு கூசுது தாத்தா" என்று சுண்டல் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். தேதிதான் தப்பு.

உழுது போட்ட வயலை உச்சிவெயிலில் பார்த்தால் சப்பையாகக் கிடக்கும். காலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு மண்கட்டிக்கும் நீளமாய் ஒரு நிழல் இருக்கும். நிலாவும் அப்படித்தான். பௌர்ணமியில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து நேராக அடிக்கிறது. நிழல் கண்ணில் படாது. வளர்பிறையில் வெளிச்சமும் இருட்டும் சேருகிற கோட்டில்தான் அங்கே பொழுது விடிகிறது. காற்று இல்லாத இடம், அதனால் நிழல் மை ஊற்றினாற்போல் இருக்கும். அந்தக் கோடு நிலாவின் நடுவட்டத்தில் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் நகர்கிறது. சைக்கிள் கடைக்காரன் சொல்கிறேன், நிதானமாக மிதித்தாலே விடியலோடு கூடப் போகலாம்.

ஒரு வளர்பிறை அட்டமி ராத்திரி மாடியில் நிலாவிலுள்ள அப்பென்னைன் மலைத்தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டுக்கு அப்பால், இருட்டுக்குள், தனியாக ஒரு வெளிச்சப் பொட்டு. உச்சிக்கு வெயில் வந்துவிட்டது, அடிவாரத்தில் இன்னும் ராத்திரி. பேத்தி சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தாள். "தாத்தா, இன்னொண்ணு!" என்றாள். 1609-இல் கலிலியோ இப்படிப்பட்ட பொட்டுகளை வைத்துத்தான் அங்கே மலை இருக்கிறதென்று கண்டு, உயரத்துக்கும் கணக்குப் போட்டார். மறுநாள் நவமிக்கு, மேகக்கடல் என்கிற நிலாச் சமவெளியில் நேர்ச்சுவர் என்கிற செங்குத்துச் சரிவு: 110 கிலோமீட்டருக்குப் பேனாவால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. உயரம் என்னவோ நம் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தை நாலைந்து அடுக்கின அளவுதான். அவ்வளவு தூரத்திலிருந்து அது தெரிவதே நிழலின் புண்ணியம். பௌர்ணமியில் தேடினால் கிடைக்காது.

இன்னொரு வசதி, அரைநிலா சாயங்காலமே தலைக்கு மேல் நிற்கும். பிள்ளைகள் எட்டு மணிக்குள் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். பௌர்ணமி நிலாவோ தென்னை மட்டைக்கு மேலே வரவே நேரமாகும், அதற்குள் கொசு பிடுங்கிவிடும்.

இதையெல்லாம் அந்தத் தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். "எல்லாம் சரி, அட்டமி நவமியில் யாராவது விழா தொடங்குவார்களா?" என்று கேட்டார். சரி, தசமியில் வையுங்கள் என்றேன். அன்றைக்கு 93 கிலோமீட்டர் அகலமுள்ள கோப்பர்னிகஸ் பள்ளத்தில் விடிந்திருக்கும். நாள்காட்டியைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு சைக்கிள் கடைக்காரர்,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்.