ஸ்கூட்டி டயருக்குக் காற்றடிக்க ஒரு வளைந்த வால்வு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்கூட்டியின் பின் டயரில் காற்றுக் குறைந்திருந்தால் ஓட்டுபவரின் அலட்சியம் என்று சொல்லிவிடுகிறோம். அது முழு நியாயமில்லை. மலையகத்தில் ஓடும் ஸ்கூட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு 10 அல்லது 12 அங்குலச் சில்லு. அந்தச் சிறிய ரிம்முக்குள் பிரேக் டிரம் வேறு இருப்பதால், வால்வின் வாய்க்கும் டிரம்முக்கும் இடையில் விரல் நுழையத்தான் இடமிருக்கும். பின் சில்லில் இடப்பக்கத்தை இயந்திரமும் பெல்ட் கவரும் அடைத்துக்கொள்கின்றன. வலப்பக்கம் சைலன்சர். பெற்றோல் செட்டில் தொங்கும் காற்றுக் குழாயின் தலை லொறிக்கும் காருக்கும் ஏற்றது. அது இந்தச் சந்துக்குள் நேராகப் போகாது. சாய்த்து அழுத்தினால் வால்வின் ஊசி அழுந்தும், ஆனால் ரப்பர் வளையம் வாயை மூடாது. உஸ் என்ற சத்தத்தைக் கேட்டு காற்று ஏறுகிறது என்று நினைப்பவர்கள் அநேகம். உள்ளே இருந்ததும் வெளியேறும் சத்தம் அது. டயரின் கொள்ளளவு சிறிது என்பதால் சில விநாடிக் கசிவே போதும், வந்ததைவிடக் குறைந்த காற்றோடு வண்டி திரும்பிப் போகும்.

காலால் உதைத்துப் பார்ப்பதும் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பதும் இந்த டயர்களில் பயன்படாது. சிறிய டயரின் பக்கச் சுவர் விறைப்பானது. காற்றழுத்தம் 15 பி.எஸ்.ஐ (சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல்) மட்டுமே இருந்தாலும் கல் மாதிரித்தான் இருக்கும், பார்வைக்குச் சப்பியும் தெரியாது. ஆகவே காற்றழுத்தத்தை அளக்கும் கேஜ் ஒன்று சொந்தமாக வேண்டும். பேனை போன்ற நேரான கேஜ் ஸ்கூட்டிக்கு உதவாது. தலை வளைந்தது, அல்லது நுனியில் மெல்லிய ரப்பர் குழாய் உள்ளதை வாங்க வேண்டும்.

பார்க்கும் முறை இதுதான். வண்டி ஓடி மூன்று மணித்தியாலமாவது ஆகியிருக்க வேண்டும்; காலையில் எடுப்பதற்கு முன் பார்ப்பது இன்னும் நல்லது. இயந்திரத்தை நிறுத்தி நடு ஸ்டாண்டில் ஏற்றுங்கள். நம் லயத்து முற்றங்களில் சமதரை கிடைப்பது அரிது. சரிவில்தான் நிறுத்த வேண்டுமென்றால் வண்டியின் முகம் மேட்டைப் பார்க்கட்டும். பள்ளத்தைப் பார்த்து நின்றால் சற்றுத் தள்ளினாலே ஸ்டாண்ட் மடங்கிவிடும். முன் சில்லுக்கு ஒரு கல் வைப்பது நல்லது. பின் சில்லு இப்போது தரையில் படாமல் நிற்கும். அதைக் கையால் சுற்றி, வால்வைச் சைலன்சருக்கு மேலே, பின்பக்கமாகக் கை போகும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். முன் சில்லில் மட்கார்டுக்குக் கீழே, சில்லைத் தாங்கும் போர்க்குக்கு முன்பக்கமாக வால்வு நின்றால் வேலை சுலபம். பங்சருக்காகத் திரவம் ஊற்றிய டயராக இருந்தால் வால்வை அடிப்பக்கம் வைத்து ஒருபோதும் பார்க்கக்கூடாது. திரவம் அங்கேதான் தேங்கியிருக்கும். கேஜுக்குள்ளும் வால்வு ஊசிக்குள்ளும் புகுந்து அடைத்துவிடும்.

எவ்வளவு காற்று என்பதை டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து முடிவு செய்பவர்கள் உண்டு. அந்த எண் டயர் தாங்கும் உச்ச அளவு, வண்டிக்குரிய அளவு அல்ல. வண்டிக்குரியது கைநூலிலோ வண்டியில் ஒட்டியுள்ள சிட்டையிலோ இருக்கும். 10 அங்குலச் சில்லுள்ள பல ஸ்கூட்டிகளுக்கு முன் டயர் 22 பி.எஸ்.ஐ, பின் டயர் தனியே போனால் 29, பின்னால் ஒருவர் ஏறினால் 36. நமது பகுதியில் கணவன், மனைவி, நடுவில் பிள்ளை, காலடியில் அரிசிப் பை என்றுதான் பல வண்டிகள் ஏற்றம் ஏறுகின்றன. அப்படியிருந்தும் பின் டயருக்கு முன் டயரின் அளவையே அடித்துவிடுகிறார்கள். சிட்டையில் கிலோபஸ்கால் என்று இருந்தால் 150 என்பது 22, 200 என்பது 29, 250 என்பது 36 பி.எஸ்.ஐ.

கொழும்பில் காற்றடித்துவிட்டு நுவரெலியாவுக்கு வந்தால் காற்றைக் குறைக்க வேண்டுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டியதில்லை. 1,868 மீற்றர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் ஏறத்தாழ 3 பி.எஸ்.ஐ கூட்டிக் காட்டும். ஆனால் 30 பாகை வெப்பத்திலிருந்து 12 பாகைக் குளிருக்கு வரும்போது உள்ளிருக்கும் காற்றும் சுருங்கி, ஏறக்குறைய அதே அளவு குறைந்துவிடும். ஒன்றை மற்றது சரிக்கட்டிவிடுகிறது.

கவனிக்க வேண்டிய வெப்பம் வேறு. ஸ்கூட்டியில் கியர் குறைத்து இறங்க முடியாது. மெதுவாக இறங்கும்போது கிளட்ச் விட்டுவிடுவதால் இயந்திரம் வண்டியைப் பிடிக்காது. முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். ரம்பொடை வழியாகவோ, ஹட்டனிலிருந்து கினிகத்தேன பக்கமாகவோ நீளமாக இறங்கிய வண்டியில் டிரம்மின் சூடு ரிம்முக்கு ஏறி, அங்கிருந்து டயருக்குள்ளும் போகிறது. அந்த நேரத்தில் கேஜ் வைத்து, கூடிப்போய்விட்டது என்று காற்றைத் திறந்துவிட்டால் மறுநாள் காலையில் டயர் குறைவாகத்தான் இருக்கும். மழைக்குப் பிடிப்பு வரும் என்று காற்றைக் குறைப்பதும் தவறான பழக்கம். குறைந்த காற்றில் டயரின் வெட்டுகள் நெருங்கிவிடும், தண்ணீர் வெளியேறாது.

டியூப் உள்ள சில்லில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. காற்றுக் குறைந்த நிலையில் இறக்கத்தில் பிரேக் பிடிக்கப் பிடிக்க டயர் ரிம்மின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். டியூப்பும் கூடவே இழுபட்டு, வால்வு சாய்ந்து, கடைசியில் அடியோடு கிழியும். இது ஒட்டுப்போட முடியாத கிழிசல். காற்றும் ஒரே மூச்சில் போய்விடும். வால்வு சாய்ந்து நிற்பது தெரிந்தால் குறட்டால் பிடித்து நேராக்காதீர்கள். காற்றை முழுக்க இறக்கி, டயரை ரிம்மிலிருந்து விடுவித்து, டியூப்பைச் சரியாக உட்கார வைத்த பிறகே அடிக்க வேண்டும்.

இத்தனை சிரமத்துக்கும் தீர்வு மலிவானது. டியூப் இல்லாத டயராக இருந்தால், அடுத்த முறை டயர் மாற்றும்போது ரப்பர் வால்வைக் கழற்றிவிட்டு 90 பாகை வளைந்த உலோக வால்வைப் போடச் சொல்லுங்கள். ரப்பர் வால்வை எப்படியும் டயரோடு மாற்றத்தான் வேண்டும்; பழையதை விரலால் வளைத்துப் பார்த்தால் அடியில் வெடிப்புத் தெரியும். ரிம் ஓட்டை 8.3 மில்லிமீற்றரும் உண்டு, 11.3 மில்லிமீற்றரும் உண்டு. அளந்துதான் வாங்க வேண்டும். வளைவு பின் சில்லில் வலப்பக்கம் திரும்பியிருக்கட்டும். நட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் உள்ளே உள்ள ரப்பர் வளையம் வெட்டுப்படும். பூட்டிய பிறகு சில்லைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, டிரம்மின் பிரேக் கையிலோ வேறெதிலோ வால்வு தட்டவில்லை என்று பார்க்க வேண்டும். முன்னால் டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் டிஸ்க்கைப் பிடிக்கும் கலிப்பரில் இடிக்கலாம், அங்கே இரட்டைக் கவனம். கடைசியாகச் சவர்க்காரத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். டியூப் டயர்க்காரர்கள் வளைந்த வால்வுள்ள டியூப்பைக் கேட்டு வாங்கலாம்.

டயர் மாற்றும் காலம் வரவில்லையென்றால் வால்வின் மேல் திருகும் பித்தளை வளைவு ஒன்றை இருக்கைக்கு அடியில் வைத்திருக்கலாம். காற்றடித்ததும் கழற்றிவிட வேண்டும். மறந்து அப்படியே ஓடினால் சில்லின் வேகத்தில் அதன் பாரம் ரப்பர் வால்வை வளைத்து அடியில் வெடிக்கச் செய்யும். கழற்றிய பின் எச்சில் தொட்டு வால்வின் வாயில் வைத்துப் பார்த்து, குமிழி இல்லையென்றால் மூடியைப் போடுங்கள். மூடி இல்லாத வால்வுக்குள் தோட்டத்துப் பாதையின் சேறும் மணலும் போனால் ஊசி சரியாக மூடாது.

மலையக நகரங்களில் பெற்றோல் செட் நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். காற்றுக் குழாய்க்குப் பக்கத்தில் இந்தப் பித்தளை வளைவு ஒன்றை வைத்தால் ஸ்கூட்டியில் வரும் ஆசிரியைகளும் தாதியரும் காற்றடிக்காமல் திரும்பிப் போக மாட்டார்கள். யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயமிருந்தால் குழாயின் தலையோடு சேர்த்து ஒரு சிறு சங்கிலியில் கட்டிவிடலாம்.

இப்படிக்கு,
ஸ்கூட்டி திருத்தும் தொழிலாளர்கள்,
ஹட்டன்.