தலை வலித்தால் சொல்லிவிடு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

லடாக்கில் இருக்கும் காங் யாட்சே இரண்டாம் சிகரம் ஏற முன்பணம் கட்டிவிட்டாய் என்று சித்தி நேற்று போனில் சொன்னார். குரலில் பாதி பெருமை, பாதி பயம். "நீ போய் வந்தவள்தானே, அவனுக்கு ஏதாவது சொல்லு" என்றார். போய் வந்தவள்தான், ஆனால் உச்சியைத் தொடாமல் வந்தவள். வானிலை சரியில்லை என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். அது பொய். உண்மையை உனக்குச் சொல்ல வேண்டும். உன்னைப் போல் முதல்முறை போகிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

வெள்ளியங்கிரியின் ஏழு மலையையும் மூச்சு வாங்காமல் ஏறி இறங்குகிறவன் நீ. உன் கால்களைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. ஆனால் நம் மாநிலத்தின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். நீ விமானத்தில் போய் இறங்கப்போகும் லே நகரம் சுமார் 3,500 மீட்டர். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான். காற்றழுத்தம் குறைவு என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் உனக்குக் கிடைப்பது நம் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. சிகரத்தின் உச்சி 6,250 மீட்டர். அங்கே பாதிகூட இல்லை. இதற்கு உடம்பு பழக நாட்கள் வேண்டும். ஓடிச் சேர்த்த பலம் அந்த நாட்களைக் குறைத்துத் தராது. சொல்லப்போனால், வேகமாக நடக்கத் தெரிந்தவர்கள்தான் உடம்பு பழகும் முன்பே உயரத்துக்குப் போய்விடுகிறார்கள்.

3,000 மீட்டருக்கு மேலே போனால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொதுவான கணக்கு. உன் பயண அட்டவணையை இதோடு வைத்துப் பார். எங்கள் அட்டவணையில் ஸ்கியூ, மார்கா, ஹங்கர் என்ற வழியோர ஊர்கள் வரை எல்லாம் சரியாக இருந்தது. ஹங்கரிலிருந்து நிமாலிங் புல்வெளிக்கு மட்டும் ஒரே நாளில் 800 மீட்டர் ஏற்றம். நான் அதைக் கவனிக்கவில்லை.

நிமாலிங் அவ்வளவு அழகான இடம். கோடையில் ஆடுகளையும் யாக்குகளையும் மேய்க்க அங்கே கொண்டுவருகிறார்கள். வளைக்கு வெளியே மர்மோட்கள் என்ற பெரிய மலை அணில்கள் எழுந்து நின்று நம்மைப் பார்க்கும். அன்று மாலை எனக்குத் தலை வலிக்க ஆரம்பித்தது. இரவில் பாறைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். காலையில் வழிகாட்டி கூடாரம் கூடாரமாக வந்து கேட்டபோது, வலி மாத்திரை போட்டுக்கொண்டு "நன்றாக இருக்கிறேன், அண்ணா" என்று சிரித்தேன். இவ்வளவு பணம், இவ்வளவு விடுமுறை, அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தது, எல்லாம் சேர்ந்து என்னைப் பொய் சொல்ல வைத்தது.

பேஸ் கேம்ப் சுமார் 5,100 மீட்டர். நள்ளிரவில் ஏறத் தொடங்க வேண்டும். வெயில் வந்தால் பனி இளகிவிடும், பூட்ஸில் மாட்டும் கிராம்பான் என்ற இரும்பு முள் பிடிக்காது. பூட்ஸ் கயிற்றைக் கட்ட என் விரல்களுக்குத் தெரியவில்லை. வழிகாட்டி அதைப் பார்த்துவிட்டார். தரையில் ஒரு கோடு கிழித்து, குதிகாலை அடுத்த காலின் விரலோடு ஒட்டி ஒட்டி நடக்கச் சொன்னார். நான்காவது அடியில் சாய்ந்தேன். மூளை வீங்கத் தொடங்கியதன் அடையாளம் அது. அவர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் மருந்தைக் கொடுத்து, உதவி வழிகாட்டியையும் ஒரு குதிரைக்காரரையும் கூட அனுப்பி, அந்த இருட்டிலேயே என்னைக் கீழே இறக்கினார். கீழே இறங்குவதுதான் உண்மையான மருந்து. மறுநாள் ஹங்கரை நெருங்க நெருங்கத் தலை தெளிந்துகொண்டே வந்தது.

அப்புறம்தான் தெரிந்தது. ஒரு வழிகாட்டி என்னோடு இறங்கியதால் மேலே ஆள் போதவில்லை. கயிற்றில் சேர்த்துக்கொள்ள முடியாமல் மூன்று பேரைக் கேம்ப்பிலேயே நிறுத்திவிட்டார்கள். அவர்களில் ஒருவர் தன் ஐம்பதாவது பிறந்தநாளுக்காக வந்தவர். நிமாலிங்கிலேயே நான் வாயைத் திறந்திருந்தால் ஒரு நாள் ஓய்வோடு எனக்கே சரியாகியிருக்கலாம். அவரும் உச்சிக்குப் போயிருப்பார்.

அதனால் கிளம்பும் முன் உன் நிறுவனத்தை இரண்டு கேள்வி கேள். எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி? உச்சிக்கு ஏற உபரியாக ஒரு நாள் வைத்திருக்கிறார்களா? உயரத்துக்கு உடம்பு பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி டாக்டரிடம் பேசு, சல்ஃபா மருந்துகள் ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல். மேலே போனதும் தினமும் காலையில் வழிகாட்டி கேட்பார். தலைவலி, பசியின்மை, தூங்காத இரவு, எது இருந்தாலும் முதல் மாத்திரையை விழுங்கும் முன் அவரிடம் சொல்லிவிடு.

என் டவுன் ஜாக்கெட் பெரியம்மா வீட்டுப் பரணில் இருக்கிறது, எடுத்துக்கொள். ஹங்கரில், ஊருக்குள் நுழைந்ததும் வருகிற ஒரு வீட்டில் எனக்கு வெண்ணெய் தேநீர் கொடுத்து, அடுப்பு ஓரமாகப் படுக்க வைத்த அம்மா ஒருவர் இருக்கிறார். அவரைப் பார்த்தால் நான் ஜூலே, அதாவது லடாக்கி மொழியில் வணக்கம், சொன்னதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா