கில்மார்னாக் மளிகைக் கடையின் விஸ்கி

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகளுக்குத் திருச்சியிலேயே வேலை அமைந்ததில் எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஓட்டல் பாரில் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு நீயே வகுப்பு எடுக்கப் போகிறாய் என்பதும் நல்ல சேதி. ஆனால் நீ அனுப்பிய குறிப்பில் "சிங்கிள் மால்ட்தான் அசல், பிளெண்டட் அதற்கு அடுத்த படி" என்று ஒரு வரி இருக்கிறதே, அதை முதலில் அடித்துவிடு. (சிங்கிள் மால்ட் ஒரே ஆலையின் மால்ட் விஸ்கி. பிளெண்டட் என்பது மால்ட்டும் தானிய விஸ்கியும் கலந்தது.) ஜானி வாக்கர் என்ற கலப்பு ஸ்காட்ச் விஸ்கியை எடுத்துக்கொண்டால் ஏன் என்று புரியும்.

இது சாராயம் காய்ச்சியவர் தொடங்கிய பெயரே இல்லை. ஜான் வாக்கருக்கு 14 வயதில், 1819-இல், தகப்பனார் இறந்தார். பண்ணை விற்ற 417 பவுண்டு பணத்தில், மறு வருடம் ஸ்காட்லாந்தின் கில்மார்னாக் ஊரில் ஒரு மளிகைக் கடை. அந்தக் காலத்து விஸ்கி பீப்பாய்க்குப் பீப்பாய் ருசி மாறும். போன மாதம் வாங்கியதே மறுபடி வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால் கடைக்காரர் என்ன செய்வார்? நம் ஊர்க் காப்பிக்கடையில் பீபரி இவ்வளவு, சிக்கரி இவ்வளவு என்று அளவு பிடித்துக் கொடுப்பதைப் போலக் கலந்துதான் ஆக வேண்டும்.

மால்ட்டையும் தானிய விஸ்கியையும் வரி கட்டும் முன்பே கிடங்கில் கலக்க 1860-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டவர் மகன் அலெக்சாண்டர். 'ஓல்ட் ஹைலேண்ட் விஸ்கி' என்ற பெயரை 1867-இல் பதிவு செய்தார். சதுர பாட்டிலும் கடைக்காரப் புத்திதான்: பெட்டியில் இடைவெளி இல்லாமல் அடங்கும், கப்பலில் உடைவது குறையும். லேபிளை 24 பாகை சாய்த்து ஒட்டினால் எழுத்தைப் பெரிதாகப் போடலாம், அலமாரியில் தூரத்திலிருந்தே தெரியும். ஓவியர் டாம் பிரௌன் 1908-இல் வரைந்த நடக்கும் மனிதர் சின்னமும், அடுத்த ஆண்டு வந்த ரெட் லேபிள், பிளாக் லேபிள் என்ற பெயர்களும் அதே வரிசை. வாசிக்கத் தெரியாதவனும் நிறத்தைச் சொல்லிக் கேட்டுவிடலாமே.

உன் வரியில் இருக்கும் சண்டை புதிதல்ல. தொடர் வடிகலத்தில் (நிறுத்தாமல் ஓடும் காய்ச்சும் கலம்) காய்ச்சிய தானிய விஸ்கியை விஸ்கி என்று சொல்லி விற்றதற்காக, லண்டன் இஸ்லிங்டனில் 1905-இல் வழக்கே போட்டார்கள், கடைக்காரர்கள் தோற்றார்கள். அப்புறம் அரச விசாரணைக் குழு உட்கார்ந்து, 1909-இல் அதுவும் விஸ்கிதான் என்று முடிவு சொன்னது.

இனி பையன்களுக்குச் சொல்ல வேண்டிய விஷயம். மால்ட் என்பது முளைகட்டிய பார்லி மட்டும். செம்புக் கலத்தில் பெரும்பாலும் இரண்டு முறை காய்ச்சி, சுமார் 70% சாராயமாக இறக்குவார்கள். மணமும் கனமும் அதில் தங்கும். தானிய விஸ்கி கோதுமை அல்லது மக்காச்சோளத்தில், ஈனியாஸ் காஃபி 1830-இல் காப்புரிமை பெற்ற வகைத் தொடர் வடிகலத்தில் வருவது, 94.8%-க்குக் கீழே நிறுத்தியாக வேண்டும். லேசானது, இனிப்பானது. பொதுவாகக் கலப்பு ஸ்காட்ச்சில் பாதிக்கு மேல் இதுதான். இதை வெறும் நிரப்புப் பொருள் என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. இது இல்லாவிட்டால் கலாய்லா ஆலை மால்ட்டின் புகை வாசனையும் கார்டூ மால்ட்டின் பழவாசனையும் ஒன்றையொன்று மிதித்துக்கொள்ளும். (கார்டூ ஆலையை 1893-இல் எலிசபெத் கம்மிங் என்ற அம்மாவிடமிருந்து வாக்கர் கம்பெனி வாங்கியது, சரக்கு கையை விட்டுப் போகாமலிருக்கத்தான்.)

கலவையாளரின் தலைவலி எங்கே என்றால், ருசி மாறக் கூடாது, சரக்கோ மாறிக்கொண்டே இருக்கும். பிளாக் லேபிளில் 12 வருடம் என்று போட்டால் அதிலுள்ள மிக இளைய சொட்டுக்கும் 12 வயது இருக்க வேண்டும். அதாவது 2026-இல் கலப்பதை 2014-க்குள் பீப்பாயில் போட்டிருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் வருடத்துக்குச் சுமார் 2% ஆவியாகிவிடும். போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த 200 லிட்டர் பீப்பாய் 12 வருடத்தில் ஏறக்குறைய 157 லிட்டருக்கு வந்துவிடும். இடையில் ஓர் ஆலையே மூடலாம். போர்ட் டண்டாஸ் தானிய ஆலை 2010-இல் மூடியது. அப்போது அதன் இடத்தில் வேறு பீப்பாய்களைச் சேர்த்து அதே குணத்தைக் கொண்டுவர வேண்டும். ஷெர்ரி ஒயின் பீப்பாய் ஒன்றில் தீக்குச்சி எரிந்த கந்தக வாடை இருந்து, கவனிக்காமல் தொட்டியில் ஊற்றினால் மொத்தமும் போச்சு. அதனால் குடித்துப் பார்ப்பதை விட முகர்வதுதான் வேலை. தண்ணீர் விட்டு 20%-க்கு இறக்கி முகர்வார்கள். சாராயக் காரம் மூக்கை மரக்க வைக்காது, ஒளிந்திருக்கும் குறையும் வெளியே வரும்.

வகுப்பில் இதையே செய்யச் சொல். வாய் குறுகிய கிளாஸ், 20 மில்லி விஸ்கி, ஏறக்குறைய அதே அளவு வாசனையில்லாத தண்ணீர். நம் ஊரில் 42.8% என்று அச்சிட்டிருந்தால் தண்ணீர் ஏறக்குறைய மூன்று மில்லி கூடப் போகும். சாப்பாட்டுக்கு முன்னால், சென்ட் போடாமல். ரெட், பிளாக் இரண்டையும் பக்கத்தில் வை. ரெட்டில் வயது எழுதியிருக்காது, சட்டப்படி குறைந்தது 3 வருடம். சோடாவுக்கென்றே துடிப்பாகச் செய்தது. 30 மில்லிக்கு 90 மில்லி குளிர்ந்த சோடா சரியாக இருக்கும். பிளாக்கில் புகை பின்னாலிருந்து மெதுவாக எழும்பும்.

அடுத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் அரை மில்லி புகை மால்ட் (புகை வாசனையுள்ள மால்ட் விஸ்கி) எடுத்து 10 மில்லி ரெட் லேபிளில் விடச் சொல். ஐந்து சதவீதம்கூட இல்லை, மொத்த முகமும் மாறிவிடும். கலவை என்றால் என்ன என்று அதற்கு மேல் நீ விளக்க வேண்டியதில்லை.

நிறத்தை வைத்து வயது சொல்லக் கற்றுக்கொடுக்காதே. காரமெல் நிறம் சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. ஐஸ் போட்டதும் கலங்குகிறது என்று யாராவது பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தால் உடனே போலி என்று முடிவு கட்ட வேண்டாம். குளிரூட்டி வடிகட்டாத விஸ்கியில் கொழுப்பு எஸ்டர்கள் குளிரில் பிரிந்து அப்படித்தான் நிற்கும். ஆனால் குளிரூட்டி வடிகட்டிய ரெட், பிளாக் கலங்கினால் சந்தேகப்படலாம். நம் நாட்டில் விஸ்கி என்று விற்பதில் நிறைய, கரும்பாலை மொலாசஸ் சாராயத்தில் செய்தது. அதையும் ஸ்காட்ச்சையும் ஒரே தட்டில் வைத்துப் பேசாமல் தனி வகுப்பாக எடு.

பாட்டிலை நிமிர்த்தியே வை, படுக்க வைத்தால் சாராயம் கார்க்கைத் தின்றுவிடும். வெயில் படக் கூடாது. கால் பாட்டிலுக்குக் கீழே வந்ததைச் சின்ன பாட்டிலுக்கு மாற்று. காற்று பட்டால் முதலில் மங்குவது மேலெழும் பழவாசனைதான்.

புதுக் குறிப்பை எழுதியதும் ஒரு பிரதி அனுப்பு. புகை மால்ட் திருச்சியில் கிடைக்காவிட்டால் சொல், யாராவது வரும்போது கொடுத்தனுப்புகிறேன். தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
முரளி