கூடங்குளமும் காற்றாலையும்: ஐயத்துக்குக் காரணம் அறியாமை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அணுமின் நிலையத்தின் மீதும் காற்றாலை, சூரிய மின் நிறுவனங்களின் மீதும் மக்களுக்கு உள்ள ஐயம் விவரம் தெரியாததால் வருவது என்றும், விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடத்தினால் அது நீங்கிவிடும் என்றும் வாதிடும் கட்டுரையைத் தங்கள் இதழில் படித்தேன். ஒரு பக்கம் கூடங்குளமும் மறுபக்கம் பணகுடிக் காற்றாலைகளுமாக அமைந்த ராதாபுரம் வட்டத்தில் வாழ்நாள் முழுவதும் இருந்துவருகிற என்னால் அதை ஏற்க இயலவில்லை.

மின்சாரத்தின் அருமை எனக்குத் தெரியும். 2012-ஆம் ஆண்டு மின்வெட்டின்போது, வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச மும்முனை மின்சாரம் எப்போது வருமோ என்று நள்ளிரவில் கிணற்று மேட்டில் காத்துக் கிடந்தவர்களில் நானும் ஒருவன். அதே ஆண்டு ஏப்ரலில், கூடங்குளத்தின் முதல் இரண்டு அலகுகளுக்கான பாதுகாப்பு ஆய்வறிக்கையை வெளியிடுமாறு மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்டது. இந்திய அணுமின் கழகமோ அறிக்கையைத் தராமல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்று தடையாணை பெற்றது. பயப்பட ஒன்றுமில்லை என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே, பயத்தைத் தெளிவிக்கக்கூடிய அறிக்கையைப் பூட்டி வைத்தால் யார்தான் நம்புவார்கள்?

2019-இல் நடந்தது இதைவிட வருத்தம் தருவது. அக்டோபர் 29-ஆம் தேதி, நிலையத்தின் கணினிகளில் ஊடுருவல் எதுவும் நிகழவில்லை என்று அறிக்கை வந்தது. மறுநாளே, நிர்வாகப் பணிக்கான கணினி ஒன்றில் தீங்கு செய்யும் மென்பொருள் புகுந்தது உண்மைதான் என்றும், செப்டம்பர் 4-ஆம் தேதியே தகவல் கிடைத்துவிட்டது என்றும் அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் வலையமைப்பு தனியானது, அதற்குப் பாதிப்பில்லை என்ற அவர்களது விளக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏறத்தாழ இரண்டு மாதங்களாகத் தெரிந்த ஒன்றை முதல் நாள் இல்லை என்று சொன்ன பிறகு, மறுநாள் சொல்லும் உண்மைக்கும் மதிப்புக் குறைந்துவிடுகிறது. பயன்படுத்திய எரிபொருளை வைப்பதற்கான தனிக் கிடங்கை ஐந்து ஆண்டுகளுக்குள் அமைக்குமாறு 2013 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தக் கெடுவும் பின்னர் நீட்டிக்கப்பட்டது.

காற்றாலை விஷயம் வேறு வகை. கதிர்வீச்சு அச்சம் அதில் இல்லை. காத்தாடி சுற்றுவதைப் பார்த்து எங்கள் ஊரில் யாரும் பயந்ததில்லை. குறை நிலத்திலும் நீரிலும்தான். இறக்கைகளை ஏற்றிவந்த நீண்ட லாரிகள் திரும்புவதற்காக, எங்கள் குளத்துக்கு வரும் ஓடையைச் சரள் கொட்டி மேடாக்கி, அடியில் ஒரே ஒரு சிமெண்டுக் குழாயைப் பதித்தார்கள். அதன் வாய் ஓடைத் தரையைவிட முழங்கால் உயரம் மேலே இருக்கிறது. மழைத் தண்ணீர் குழாயை எட்டாமல் பக்கத்துக் காடுகளில் பரவி வீணாகிறது. கீழே குளம் பாதிகூட நிரம்புவதில்லை. முறையிடப் போனால், நிறுவிய நிறுவனம் உரிமையாளரைக் கைகாட்டுகிறது. உரிமையாளரோ எங்கோ வெளியூரில் இருக்கும் ஒரு நூற்பாலை. காற்றாலையின் விலையில் 80 சதவீதத்தை முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டி, வரி கட்டவேண்டிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் சலுகை இருந்த காலத்தில் இப்படிப் பல ஆலைகள் முதலீடு செய்தன; கோபுரம் எந்த ஊரில் நிற்கிறது என்றுகூட அறியாத உரிமையாளரிடம் ஓடையைப் பற்றி எப்படிப் பேசுவது? மாசற்ற மின்சாரத்தை எதிர்க்கிறீர்களே என்று அதற்குமேல் ஒரு பழியும் எங்கள்மேல் விழுகிறது.

கட்டுரையாளர் சொல்லும் கூட்டத்துக்கு வர நாங்கள் தயார். மூன்று முதல் ஆறு வரையிலான அலகுகளின் பாதுகாப்பு அறிக்கையைத் தமிழில் அச்சிட்டு, கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே ஊராட்சி அலுவலகங்களில் வைக்கட்டும். காற்றாலை நிறுவனத்தார் வரும்போது ஓடை வரைபடத்தையும், பேசி முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவரையும் உடன் அழைத்து வரட்டும். ஐப்பசி மழைக்கு முன் அந்தக் குழாயைத் தரைமட்டத்துக்கு இறக்கிப் பதித்துவிட்டால், இந்த ஆண்டாவது குளம் மறுகால் பாயும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
ராதாபுரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.