சிபுடுவுக்குச் சாலை வேண்டாம்

குவாசூலு-நட்டால் பாரம்பரியக் காப்பு அதிகாரிகளுக்கு,

வணக்கம். டொங்காட்டில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவன் நான். 1860 முதல் கரும்புத் தோட்ட வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறி வந்தவர்களின் வழிவந்த பிள்ளைகள். 2024இல், பழங்கால மனிதர்கள் வாழ்ந்த சிபுடு குகை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியபோது எங்கள் தெருவில் பலர் கேட்ட முதல் கேள்வி, "அது எங்கே இருக்கிறது?" நம் ஊர் ஆற்றுக்கு மேலேதான், ஐயா! கடலிலிருந்து 15 கிலோமீட்டர் உள்ளே.

பட்டியலில் ஏறிய இடத்துக்குச் சாலை, கார் நிறுத்துமிடம், தின்பண்டக் கடை எல்லாம் பின்னாலேயே வந்துவிடும். தயவுசெய்து வேண்டாம். அனுமதி பெற்ற ஒரு குழுவோடு ஒருமுறை அங்கே போயிருக்கிறேன். செங்குத்தான மணற்பாறையில், திண்ணைபோல நீண்டு கிடக்கிறது. 55 மீட்டர் இருக்கும். கீழே ஆறு. காலடியில் அடுக்கடுக்காகச் சாம்பல். எனக்கு முன்னால் நின்றவர் காலை மாற்றி வைத்தார், ஓரத்தில் ஒரு கைப்பிடி மண் பொலபொலவென்று சரிந்தது. அதோடு எத்தனை தலைமுறை போயிற்றோ. அதற்குப் பிறகு எவரும் வாய் திறக்கவில்லை.

அந்த மண்ணில்தான் தொல்லியலாளர் லின் வாட்லியின் குழு 77,000 ஆண்டுப் பழைய படுக்கையைக் கண்டெடுத்தது. கோரையைப் பரப்பி, மேலே கிரிப்டோகேரியா என்ற மரத்தின் இலையைப் போட்டிருக்கிறார்கள். பூச்சியை அண்டவிடாத இலை. பின்னால் வந்தவர்கள் பழைய படுக்கையைக் கொளுத்திவிட்டுப் புதிதாக விரித்திருக்கிறார்கள். என் பாட்டியும் பாய்க்கு அடியில் வேப்பிலை வைப்பாள். (இங்கே மாரியம்மனுக்கு வேப்பிலை என்று நாம் பறிப்பது சிரிங்கா என்ற வேறொரு மரத்தின் இலை, அது வேறு கதை.) எலும்பு ஊசியும் கல் அம்புமுனையும்கூடக் கிடைத்தன. ஆனால் வகுப்பில் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பது படுக்கையைப் பற்றித்தான்: "படுத்தால் குத்தாதா?"

குகையை ஆய்வாளர்களுக்கு விட்டுவிடுங்கள். டொங்காட் ஊருக்குள் ஒரு கூடம் கட்டி, அந்த மண்ணடுக்கை உள்ளபடியே வார்த்து வையுங்கள். பக்கத்தில் பிள்ளைகள் படுத்துப் பார்க்க அதேபோல ஒரு படுக்கை. விளக்கப் பலகையில் முதலில் சூலு, பிறகு ஆங்கிலம். இடம் மிஞ்சினால் தமிழ். மொழிபெயர்ப்புக்குப் பணம் வேண்டாம். கோரையையும் நாங்களே அறுத்துக் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
டொங்காட் தமிழ் வாத்தியார்