ராப்சனுக்கு 22 நிமிடம்: எங்கள் தமிழ்ச் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சென்ற சனிக்கிழமை பொங்கல் விழாவில் நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். மறுநாள் காலை நீங்கள் அனுப்பிய நன்றிக் கடிதத்தில் கரும்பு கொண்டுவந்தவர் பெயர்கூட இருந்தது. அமெரிக்கக் கறுப்பினப் பாடகரும் நடிகருமான பால் ராப்சனின் வாழ்க்கையைச் சொல்லும் நாடகத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதனால்தான் இதைத் தனிக் கடிதமாக எழுதாமல் உறுப்பினர்கள் அனைவரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். 80 நிமிட ஓராள் நாடகத்தை 22 நிமிடத்தில் முடிக்க வைத்தோம். மீதி 58 நிமிடத்தைத் திருப்பிக் கொடுங்கள். அதாவது, அந்தக் கலைஞரிடம் எழுத்தில் வருத்தம் தெரிவித்து, வேறொரு நாளில், வேறு நிகழ்ச்சி எதுவும் இல்லாமல், முழு நாடகத்தையும் நடத்தித் தாருங்கள்.

பிப்ரவரி கறுப்பின வரலாற்று மாதம். நாம் வாழ்வதோ ராப்சன் பிறந்த நியூ ஜெர்சி. அதனால் இது பொருத்தமாக இருக்கும் என்று நவம்பர் கூட்டத்தில் நான் சொன்னபோது எல்லாரும் கை தட்டினீர்கள். அந்தக் கை தட்டலை நம்பித்தான் 71 வயதான அந்தக் கலைஞரை அழைத்தேன்.

அவர் மதியம் 3 மணிக்கே ரயிலில் வந்து இறங்கினார். கையில் ஒரு பெட்டி. அதில் ஒரு கோட்டு, ஒரு மேசைத் துணி, சுற்றிச் சுழற்றும் பழைய கறுப்புத் தொலைபேசி. பள்ளியின் வாத்திய அறையில் அவரை உட்கார வைத்தோம். மேடையேற வேண்டிய நேரம் 5:30. ஆறானது, ஏழானது. யாரோ ஒரு பிள்ளை வடையும் காபியும் கொண்டுவந்து கொடுத்ததைத் தவிர ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் மேடையில் பட்டிமன்றம். தலைப்பு நினைவிருக்கிறதா? 'விருந்தோம்பலில் சிறந்து விளங்குவது கிராமமா, நகரமா?' குறித்த நேரத்தைத் தாண்டி 35 நிமிடம் ஓடியது. நடுவர் கிராமத்தின் பக்கம் தீர்ப்பு வழங்கியபோது நம் விருந்தாளி சுவருக்கு அந்தப் பக்கம் பசியோடு உட்கார்ந்திருந்தார்.

7:40-க்கு எனக்குச் செய்தி வந்தது. அரங்கத்தை 10 மணிக்குக் காலி செய்ய வேண்டும், மெல்லிசை பாக்கி இருக்கிறது, ஆகவே 20 நிமிடம்தான் தர முடியும், 'அந்த ஆற்றுப் பாட்டு மட்டும் பாடினால் போதும்'. ராப்சன் பாடிப் புகழ்பெற்ற 'ஓல் மேன் ரிவர்' பாட்டைத்தான் சொன்னார்கள். அதை அவரிடம் சொல்லும் வேலையும் எனக்கே வந்தது. அவர் கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, பிரதியை மடியில் வைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாகக் குறுக்குக் கோடு போட ஆரம்பித்தார். பிரின்ஸ்டனில் கழிந்த பிள்ளைப் பருவம் போயிற்று. அடிமையாகப் பிறந்து, 15 வயதில் வட கரோலினாவிலிருந்து தப்பி வந்து, பிறகு பாதிரியாரான தந்தை போனார். 1943-இல் பிராட்வேயில் தொடங்கி 296 முறை நடந்த ஒதெல்லோ போனது. தொலைபேசிக் காட்சிக்கு வந்தபோது மட்டும் பென்சில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதன்மேலும் ஒரு கோடு. பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். உங்களில் யாராவது ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தால் இந்த மடலுக்கே தேவை இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

நேரம் மட்டும்தான் காரணம் என்றால் இவ்வளவு எழுதமாட்டேன். தாழ்வாரத்தில் என்னிடம் சொல்லப்பட்ட இன்னொரு காரணம் இருக்கிறது: 'அரசியல் வேண்டாமே சார். கம்யூனிஸ்ட் சமாசாரம். நம் ஆட்களில் பாதிப் பேர் விசாவில் இருக்கிறார்கள்.'

பயத்தை நான் கேலி செய்யவில்லை. அது எனக்கும் தெரிந்த பயம்தான். ஆனால் நாம் வெட்டியெறிந்த காட்சி எது என்று தெரியுமா? 1950-இல் அமெரிக்க அரசு ராப்சனின் பாஸ்போர்ட்டைப் பறித்தது. பாஸ்போர்ட்டே தேவைப்படாத கனடாவுக்குக்கூடப் போக விடவில்லை. 1952-இல் எல்லையோரம் ஒரு லாரியின் மேல் நின்று அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி பாடினார். 1957 அக்டோபரில் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்கள் போர்த்கால் என்ற ஊரில் தங்கள் விழாவுக்கு அழைத்தபோதும் போக முடியவில்லை. நியூயார்க்கில் உட்கார்ந்தபடி, கடலடித் தொலைபேசிக் கம்பி வழியாகப் பாடினார். அங்கே கூடியிருந்தவர்கள் கேட்டார்கள். பிறகு அவர்கள் பாட, இங்கே இவர் கேட்டார்.

என் தந்தை காலமானபோது, ஊருக்குப் போனால் விசா முத்திரை கிடைத்துத் திரும்ப முடியுமோ என்ற அச்சத்தில் நான் போகவில்லை. கொள்ளி வைத்ததைக் கைபேசியில் பார்த்தேன். நம் அரங்கில் அன்று இருந்த 600 பேரில் அப்படிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? 'விசாவில் இருக்கிறார்கள்' என்று சொல்லி யாரிடமிருந்து எதை மறைத்தோம்?

ராப்சன் மீது விமர்சனமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஸ்டாலினை அவர் புகழ்ந்தது எனக்கும் ஒப்பாது. நாடகமும் அதை ஒளிக்கவில்லை. வெட்டப்பட்ட பக்கங்களில் அதுவும் இருந்தது. 1956-இல் நாடாளுமன்ற விசாரணைக் குழு, ரஷ்யாவிலேயே ஏன் தங்கிவிடவில்லை என்று கேட்டபோது, என் தந்தை அடிமையாக இருந்தவர், என் மக்கள் உயிரைக் கொடுத்துக் கட்டிய நாடு இது, இங்கேதான் இருப்பேன், உங்களைப் போலவே எனக்கும் இதில் பங்கு உண்டு என்று பதில் சொன்னாரே, நம் பிள்ளைகள் கேட்கக் கூடாதது அதில் என்ன இருக்கிறது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலருடைய பிள்ளைகள் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள். கார் கண்ணாடியில் அந்தப் பெயரை ஒட்டிக்கொள்கிறோம். 1916-இல் அதே ரட்கர்ஸ், தன் 150-ஆம் ஆண்டு விழா அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில், தன் மாணவரான ராப்சனை வெளியே உட்கார வைத்தது. எதிரணியான வாஷிங்டன் அண்ட் லீ, கறுப்பர் ஒருவர் இருக்கும் அணியோடு ஆட மறுத்ததுதான் காரணம். விழா நாளில் வந்தவர்கள் மனம் கோணக் கூடாதாம். நூறு வருடத்துக்கு மேல் கழித்து, அதே வட்டாரத்தில், வேறொரு விழாவில், அதே மனிதரை மறுபடியும் வெளியே உட்கார வைத்திருக்கிறோம். விழாக் குழுக்களுக்கு எந்த மொழியிலும் ஒரே குணம் போலிருக்கிறது.

அதே மாலையில் ஐந்து புரவலர்களுக்குப் பொன்னாடை, நினைவுப் பரிசு, ஆளுக்கொரு உரை என்று 45 நிமிடம் போனதே, அங்கே யாருக்கும் கடிகாரம் தெரியவில்லை. வீட்டுக் கடன் வட்டி பற்றி ஒருவர் மேடையிலேயே விளக்கினார். அது அரசியல் இல்லைதான். சங்கத்தின் ஆண்டு மலரில் 'கலை இலக்கிய வளர்ச்சி' என்று முதல் பக்கத்தில் அச்சிடுவதை நிறுத்திவிட்டால் எனக்கும் வருத்தம் இருக்காது.

மன்னிக்கவும், வேறு எங்கோ போய்விட்டேன்.

அவர் அன்று அந்த ஆற்றுப் பாட்டைப் பாடினார். ராப்சன் அதன் வரிகளை மாற்றி, சாகும்வரை போராடிக்கொண்டே இருப்பேன் என்று பாடியது வரலாறு. நம் கலைஞரும் அப்படித்தான் பாடினார். நீங்கள் வேண்டாம் என்ற அரசியல் அந்த ஒரு வரியில் ஒலிபெருக்கி வழியாகவே வந்துவிட்டது; முன்வரிசையில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

22 நிமிடத்துக்கு முழுத் தொகையும் தர வேண்டுமா என்று ஒரு கேள்வி எழுந்ததாக அறிகிறேன். அந்தக் கேள்வியைக் கேட்டவர் யார் என்று தெரிந்துகொள்ள விரும்பவில்லை. காசோலையைத் தயவுசெய்து இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.

மீண்டும் பணிவோடு கேட்கிறேன்: ஒரு வருத்தக் கடிதம், ஒரு நாள், 80 நிமிடம். அரங்க வாடகையில் பாதியை நானும் சில நண்பர்களும் ஏற்கிறோம். சாப்பாடு எங்கள் பொறுப்பு. 50 பேர் வந்தாலும் போதும்.

அந்தக் கறுப்புத் தொலைபேசி என் வீட்டில் இருக்கிறது. மேடையைக் காலி செய்த அவசரத்தில் யாரோ அதைத் தொலைந்த பொருள்கள் பெட்டியில், பிள்ளைகளின் சலங்கைகளோடு போட்டிருந்தார்கள். அவரிடம் சொன்னேன், அடுத்த முறை வரும்போது வாங்கிக்கொள்கிறேன் என்றார். எந்தத் தேதி என்று அவருக்கு நான் சொல்ல வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
ஆயுள் உறுப்பினர் ஒருவர்