வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29இன் பத்தாம் வசனத்தையும் அச்சிடுங்கள்

சேகரக் குருவானவர்களுக்கும் சபைக் கமிட்டியாருக்கும்,

கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வேதவசனமாய்க் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளுக்கு நவம்பரிலேயே அச்சகத்தில் சொல்லிவிடுவீர்கள். அதற்கு முன்பே இந்த மடல் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று எழுதுகிறோம். தட்டிலிருந்து எடுத்த அந்த ஒரு அட்டையை ஜனங்கள் வேதப்புத்தகத்துக்குள் வைக்கிறார்கள், பீரோ கதவில் ஒட்டுகிறார்கள், வருஷம் முழுக்க அதைச் சொல்லி ஜெபிக்கிறார்கள். வேலை போனவரும், பயாப்சி ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறவரும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதிகம் அச்சாகும் எரேமியா 29:11ஐப் பாருங்கள். பழைய திருப்புதலில் (பழைய தமிழ் மொழிபெயர்ப்பில்) “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு” என்று வருகிறது. விசாவுக்குக் காத்திருப்பவர் இதை வாசித்தால், விசா கிடைத்துவிடும் என்றுதான் எடுத்துக்கொள்வார். அவர் பேரில் தவறில்லை. தமிழ் வாக்கியம் காதில் அப்படித்தான் விழுகிறது. மூலமொழியான எபிரெயத்தில் அங்கே இருப்பவை அகரீத், திக்வா என்ற இரண்டு சொற்கள். ஒன்று இனி வரப்போகும் காலம், மற்றது நம்பிக்கை. உங்களுக்கு ஒரு நாளை உண்டு, நம்பிக்கைக்கு இடம் உண்டு என்கிறார் கர்த்தர். நீங்கள் மனதில் குறித்த காரியம் குறித்தபடியே நடக்கும் என்று அவர் சொல்லவில்லை.

அது ஒரு கடிதத்தில் வரும் வசனம் என்பதையும் அட்டை காட்டுவதில்லை. கி.மு. 597ல் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதி அனுப்பியது அது. இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா சொன்ன பொய்த் தீர்க்கதரிசனம் முந்தின அதிகாரத்தில் இருக்கிறது. எரேமியா சொன்னதோ எழுபது வருஷம். கடிதம் வாசிக்கக் கேட்டவர்களில் நாற்பது வயதைத் தாண்டியவர் எவரும் ஊர் திரும்பும் கணக்கில் இல்லை. அவர்களிடம்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார். எழுபது வருஷத்தைச் சொல்லும் 10ஆம் வசனத்தை வெட்டிவிட்டு 11ஐ மட்டும் கொடுத்தால், ஜனங்கள் கையில் போய்ச் சேருவது அனனியாவின் செய்திதான். அடுத்த டிசம்பரில் அந்தக் குடும்பம், கர்த்தர் வாக்கு மாறினாரா, நம் விசுவாசம் குறைந்துபோனதா என்று தடுமாறும். இரண்டுமே இல்லை. அட்டைதான் பாதியாக இருந்தது.

உபாகமம் 28:13லும் இதே சிக்கல். வாலாக்காமல் தலையாக்குவார் என்ற பாதியை மட்டும் அச்சிடுகிறோம். கர்த்தரின் கட்டளைகளைக் கைக்கொண்டால் என்கிற நிபந்தனை அதே வாக்கியத்தில் இருக்கிறது. 68 வசனமுள்ள அந்த அதிகாரத்தில் ஆசீர்வாதம் முதல் 14 வசனங்களோடு முடிந்துவிடுகிறது.

“உமது உண்மை பெரிதாயிருக்கிறது” என்கிறது புலம்பல் 3:23. இன்றைய தமிழில் உண்மை என்றால் பொய்க்கு எதிர். மூலத்தில் உள்ள எமுனா என்ற சொல் அதைவிட அகலமானது. ஆடாமல் அசையாமல் நிற்பது. யாத்திராகமம் 17:12ல் அதே சொல் வருகிறது. யுத்தத்தில் ஜெயிக்கும்படி உயர்த்திப் பிடித்திருந்த மோசேயின் கை ஓய்ந்துபோகிறது. அவனைக் கல்லின்மேல் உட்காரவைத்து, ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்பவன் மறுபக்கமும் தாங்கிப் பிடிக்க, சூரியன் அஸ்தமிக்கிறவரை அந்தக் கைகள் ஒரே நிலையாய் இருந்தன. அந்த “ஒரே நிலை”தான் எமுனா. கர்த்தருடைய உண்மையை நம்புவது என்றால், அவர் கை தளராது என்று நம்புவது. யுத்தம் எந்த மணிக்கு முடியும் என்ற தகவல் அதில் இல்லை.

அந்தப் புலம்பல் வசனமும் தனியாக நிற்கவில்லை. மூன்றாம் அதிகாரத்தின் 66 வசனங்கள், 22 எபிரெய எழுத்துகளுக்கு மும்மூன்றாக அகரவரிசையில் கட்டப்பட்டவை. எட்டாம் எழுத்தில்தான் “காலைதோறும் புதியவைகள்” வருகிறது. அதற்குமுன் பல் நொறுங்குவதும், சாம்பலில் புரளுவதும், ஜெபத்துக்கு வழி அடைக்கப்படுவதும் வரிசையாக வருகின்றன. புஸ்தகம் முடிவதோ, எங்களை முற்றிலும் வெறுத்துவிடுவீரோ என்ற கேள்வியில். அந்தக் கேள்வியை வேதம் அழிக்காமல் வைத்திருக்கிறது.

ஆகவே இந்த வருஷம் இப்படிச் செய்து பாருங்கள். நூறு வசனங்கள் வேண்டாம், பன்னிரண்டு போதும். ஒவ்வொன்றுக்கும் முழு அதிகாரத்தையும் கமிட்டியில் சத்தமாக வாசியுங்கள். யாருக்குச் சொன்னது, எந்த நிலைமையில் சொன்னது, நிபந்தனை உண்டா என்று கேளுங்கள். பதில் தெரியாத வசனத்தை ஒதுக்கிவையுங்கள். ஏ5 தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம் கிடைக்கும். முன்பக்கம் வசனம்; உள்ளே முந்தின, பிந்தின வசனங்களும், சூழலைச் சொல்லும் இரண்டு வரியும்; பின்பக்கம் 13ஆம் சங்கீதம் முழுவதும். எழுத்து 14 பாயிண்டுக்குக் குறைய வேண்டாம், பெரியவர்கள் வாசிக்க வேண்டும்.

13ஆம் சங்கீதம் ஏனென்றால், அதில் ஆறே வசனங்கள்தான். முதல் இரண்டில் “எதுவரைக்கும்” என்று சங்கீதக்காரன் நான்கு முறை முறையிடுகிறான். அடுத்த இரண்டில் வேண்டுதல். கடைசி இரண்டில் நம்பிக்கை. ஜெபிக்க வார்த்தை வராதவருக்கு இந்த வரிசை போதும். வீட்டுச் சந்திப்புக்குப் போகிறவர்கள் இதை அவரோடு சேர்ந்து மெதுவாக வாசியுங்கள். முதல் இரண்டு வசனங்களைத் தாண்ட அவரால் முடியாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். மிச்சத்தை அடுத்த வாரம் வாசிக்கலாம். 88ஆம் சங்கீதம் கடைசிவரை இருட்டிலேயே முடிகிறது, அதுவும் ஜெபம்தான். “விசுவாசம் போதாது” என்ற சொல்லை மட்டும் அந்த வீட்டில் யாரும் சொல்லவேண்டாம்.

ஞாயிறு சாட்சி நேரத்திலும் பெற்றுக்கொண்டவர்களே பேசுகிறார்கள். இன்னும் காத்திருக்கிறவருக்கும் மாதம் ஒருமுறை மைக்கைக் கொடுங்கள். அவர் பேசி முடித்ததும் பக்கத்தில் இருவர் எழுந்து நிற்கட்டும். மோசேக்கும் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

அச்சகத்திலிருந்து புரூஃப் வரும்போது, இடம் போதவில்லை, முந்தின வசனத்தை எடுத்துவிடலாமா என்று கேட்பார்கள். பார்டரையும் பூப்படத்தையும் எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வேதபாட வகுப்பு ஆசிரியர்கள்